மீதம்: பதினான்கு பவுண்டு இருபது பென்ஸ்

நான்காவது கேள்வியில்தான் சிக்கல்.
பயனடைவோர் யார்?
ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும்.
இளையோர் ஒரு கட்டம், முதியோர் ஒரு கட்டம்,
இடையில் அரை விரல் வெள்ளைத் தாள்.

இரண்டிலும் குறியிட்டு அனுப்பினார்கள்.
கணினி துப்பிவிட்டது.
இன்னொரு முறை அனுப்ப
இன்னொரு முறை துப்பியது.
பிறகு ஒரே திட்டம் இரண்டு விண்ணப்பமாக வந்தது:
ஸ்ட்ரூவன் கன், வயது பதினாறு.
வில்மா ஸ்வான்சன், வயது எழுபத்தொன்பது.
எழுத்துப்பிழைகள்கூட அதே அதே இடத்தில்.

ஸ்கார்வே துறைமுகத்தில்
பழைய ஐஸ் கிடங்கை ஒட்டித்தான் பேருந்து நிறுத்தம்.
நாலு பத்து வண்டி
வாரத்தில் இரண்டு நாள் வரும்,
மூன்று நாள் வருவதாகச் சொல்லும்.
பள்ளி விட்டவர்களும் மருத்துவரைப் பார்த்தவர்களும்
ஒரே கூரைக்கடியில் நனைவார்கள்.
யாரோ பையிலிருந்து ஒரு பந்தை எடுக்க,
யாரோ மருந்துச்சீட்டு அட்டையால் அதைத் திருப்பி அடிக்க,
பெஞ்சுதான் வலை.
அப்படித் தொடங்கியதாம்.
இது விண்ணப்பத்தில் இல்லை.
விண்ணப்பத்தில் "சமூக ஒருங்கிணைப்பு" என்று இருந்தது;
எங்களுக்குப் பிடித்த சொல் எதுவென்று
எப்படியோ தெரிந்துவைத்திருந்தார்கள்.

மானியப் பிரிவில் எனக்குப் பதினோரு வருடம்.
இரட்டை விண்ணப்பம் என்று சிவப்பு முத்திரை இருக்கிறது.
மேசை இழுப்பறையில்தான்.
கை போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு உறுப்பினர்கள், ஒரு தட்டு பிஸ்கட்.
ஸ்ட்ரூவனுக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது பவுண்டு.
வில்மாவுக்கு இல்லை.
காரணம்: முதியோருக்கு ஏற்கெனவே பிங்கோ உண்டு.

மறுநாள் காலை தொலைபேசி.
"உங்கள் விதிகளில் இளைஞர் என்பதற்கு
வயது எங்கே எழுதியிருக்கிறது?"
தேடினேன்.
மூன்று பதிப்பையும் புரட்டினேன்.
எங்கேயும் எழுதவில்லை, அம்மணி.
"அவ்வளவுதான் கேட்டேன்"
என்று வைத்துவிட்டார் வில்மா.

ஏப்ரலில் இறுதி அறிக்கை.
பங்கேற்ற இளையோர்: முப்பத்தொருவர்.
மிகச் சிறியவருக்குப் பன்னிரண்டு,
மிகப் பெரியவருக்கு எழுபத்தொன்பது.
மேசைப்பந்து மேசை ஆயிரத்து இருநூற்று நாற்பது.
மட்டைகள் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஹீட்டர் முந்நூற்றுப் பத்தொன்பதே முக்காலும் சில்லறையும்.
பந்துகள் அறுபத்து நான்கு.
பாதிக்கு மேல் கடலில், வடக்குக் கதவு சாத்துவதில்லை.

ஒன்பதாவது கேள்வி:
பங்கேற்றவர்களிடம் நீங்கள் கண்ட மாற்றம்?
"வில்மா ஏமாற்றுகிறார்.
நான் சர்வீஸ் போடும்போது இருமுகிறார்."
கீழே வேறு கையெழுத்தில்,
"இருமல் நிஜம்."
அதற்கும் கீழே முதல் கையெழுத்தே,
"பாதி."

தணிக்கையிலிருந்து மஞ்சள் சீட்டு:
பிறந்த ஆண்டு 1946, தட்டச்சுப் பிழையா?
பிழையில்லை என்று எழுதினேன்.
பெயர், தேதி, பதவி.
கையெழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

மீதப் பணத்தை நாணயமாகவே அனுப்பியிருந்தார்கள்,
காலி மாத்திரை டப்பாவில்.
கூடவே விரிசல் விட்ட ஒரு பந்து.
நாணயத்துக்கு வரவுத் தலைப்பு உண்டு.
பந்தை எந்தத் தலைப்பில் ஏற்றுவது?
கணக்குப் பிரிவில் கேட்டால் சிரிப்பார்கள்,
கேட்காவிட்டால் என் மேசையில் உருண்டுகொண்டிருக்கும்.
உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

எனக்கு ஐம்பத்து மூன்று.
எந்தக் கட்டத்திலும் இல்லை,
அந்த அரை விரல் வெள்ளைத் தாளில் குடியிருக்கிறேன்.

இன்று நாலு பத்து வண்டி ரத்து என்று
எல்லாருக்கும் குறுஞ்செய்தி வந்தது.
மேலங்கியை எடுத்தேன்.
பந்தையும்.